நாலு கணுப் பிரண்டை

உப்போடையில் வருஷா வருஷம் மாசி பிறந்ததும், இயந்திரம் நின்றுபோன பழைய ஜின்னிங் பாக்டரி மைதானத்தில் பத்து நாள் நடக்கிற சிறுதொழில் பொருட்காட்சியின் முதல் நாள், பகல் பதினோரு மணிக்கு, இருபத்துமூன்றாம் எண் கடையில் உட்கார்ந்திருந்த குருவம்மாளின் மடியில், அடுப்பில்லாமல், சட்டியில்லாமல், ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல், பதினாறு அப்பளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிந்தன.

அது ஏன் பொரிந்தது என்பது ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் அதை ரொம்ப ஆராயவில்லை. பொரிந்ததை என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது.

குருவம்மாளும் அடுத்த கடையான இருபத்திரண்டில் உட்கார்ந்திருந்த செண்பகமும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் குருவம்மாள், தம்பியைக் கட்டியவள் செண்பகம். ஒரே வீட்டில் கீழே அவளும் மேலே இவளுமாகக் குடியிருந்து, ஒரே மொட்டைமாடியில் நடுவே ஒரு கயிறு கட்டி, இந்தப் பக்கம் அவள் அப்பளமும் அந்தப் பக்கம் இவள் அப்பளமும் காயவைத்தார்கள். அந்த வீட்டுக்குள் அப்பளத் தொழிலைக் கொண்டுவந்தவள் குருவம்மாள்தான். செண்பகம் வாக்கப்பட்டு வந்த புதிதில், உளுந்து மாவை எந்தப் பதத்துக்கு இடிக்க வேண்டும், அப்பளக்காரம் எவ்வளவு, ஒரு படி உளுந்துக்கு நாலு கணுப் பிரண்டையை எப்படித் தட்டிச் சாறெடுக்க வேண்டும் என்று, கை அரிக்க அரிக்கச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். மூன்றாம் வருஷம் செண்பகம் தனியாகப் போட ஆரம்பித்தாள். அதே உளுந்து, அதே உரல், அதே பிரண்டைக் கொடி. ஆனால் கவரில் மஞ்சளாக ஒரு பூப் படம் போட்டு, 'செண்பகம் அப்பளம்' என்று அச்சடித்தாள். கொஞ்ச நாளில் உப்போடைக் கடைகளில் யாரும் அப்பளம் கொடுங்கள் என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். "ஒரு செண்பகம் குடுங்க" என்றார்கள். குருவம்மாளின் அப்பளத்தை வாங்கவந்தவர்கள்கூட, "அந்தச் செண்பகம் இல்லன்னா இந்தச் செண்பகம் குடுங்க" என்றார்கள்.

குருவம்மாள் கெட்டவள் இல்லை. செண்பகத்துக்குக் காய்ச்சல் வந்தால் மிளகு ரசம் வைத்து மாடிக்குக் கொண்டுபோகிறவள்தான். ஆனால் செண்பகத்துக்குக் கல்யாண வீட்டு ஆர்டர் வந்த நாளில் அவளால் சோறு இறக்க முடியாது. தட்டில் வைத்த சோற்றை விரலால் கோடு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். தன் பெயரை அச்செழுத்தில் அவள் பார்த்தது ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும்தான், அதிலும் பட்டியலில் ஒரு கால் கூடுதலாகக் 'குருவாம்மாள்' என்றிருந்தது.

அதனால் இந்த வருஷம், பொருட்காட்சியில் சிறந்ததென்று தேர்வாகும் கடைக்குப் புதிய பஸ் நிலையத்தில் நாலாம் எண் கடை கிடைக்கும், நெற்றியில் பெயர் எழுதிய பலகையோடு கிடைக்கும் என்று வியாபாரிகள் சங்கம் அறிவித்தபோது, அவள் கடையைவிடப் பலகையைத்தான் நினைத்தாள். பஸ் வந்து திரும்பும்போது நூறு பேர் நிமிர்ந்து படிக்கிற உயரத்தில் தன் பெயர். அதை நினைத்துக்கொண்டேதான் கணக்குக்கு மேல் இரண்டு மடங்கு மாவு இடித்தாள்.

முதல் நாள் காலையில் வந்து பார்த்தால், இருபத்திரண்டாம் கடையின் மேல் 'செண்பகம் அப்பளம்' என்றும், இருபத்துமூன்றாம் கடையின் மேல் 'செண்பகம் அப்பளம் – கிளை' என்றும் பிளக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏ இருளப்பா, என்னடா இது?" என்றாள் குருவம்மாள், பிளக்ஸ் அடித்தவனைக் கூப்பிட்டு.

"ரெண்டு மனுவுலயும் ஒரே கதவு நம்பர், ஒரே சரக்கு. சரி, செண்பகம் அக்காவுக ரெண்டு கடை போடுதாகன்னு நெனச்சிட்டேன்க்கா."

"நெனச்சியா? எம் பேரு மனுவுல இல்லையா?"

"இருந்துச்சு. ஓனருன்னு நெனக்கல, கடையப் பாத்துக்கிடுற ஆளுன்னு நெனச்சேன். நாளைக்கு மாத்திருதேன்க்கா, கோவிக்காதீக."

செண்பகம் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "விடுங்கக்கா. ஒங்களையும் என்னையும் ஊருக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன, நன்றாகவே தெரியும் என்பதுதான் குருவம்மாளின் சங்கடம். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் கூட்டம் இருபத்திரண்டில் மொய்த்தது. பதினொன்றுக்கு ஒரு அம்மாள் நிதானமாக இருபத்துமூன்றுக்கு வந்தாள். அவளை வாங்க வாங்க என்று எழுந்து நின்றே வரவேற்றாள் குருவம்மாள். அந்த அம்மாள் மேலே பலகையைப் பார்த்தாள், கீழே அப்பளத்தைப் பார்த்தாள். "இது கிளையாக்கும்? மெயின் கடை அதுதான? நான் அங்கயே வாங்கிக்கிடுதேன் தாயி" என்று நகர்ந்துபோனாள்.

குருவம்மாள் உட்கார்ந்தாள். கட்டு அவிழ்ந்த பதினாறு அப்பளங்களை எடுத்து மடியில் வைத்து, வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அது நடந்தது. சடசடவென்று, மழை தகரத்தில் விழுவதுபோல ஒரு சத்தம். மடியைப் பார்த்தால் பொன் நிறத்தில், ஓரம் சுருண்டு, முகம் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக அப்பளங்கள் எழும்பி நின்றன.

எதிரே நின்றிருந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் பால்துரை ஒன்றை எடுத்து ஒடித்து வாயில் போட்டார். விரலைப் பார்த்தார். வேட்டியில் துடைக்கப் போனவர், துடைக்க ஒன்றுமில்லை என்று கண்டார்.

"எண்ணெ ஒட்டலையே தாயி" என்றார். "எனக்கு டாக்டரு எண்ணெயே ஆகாதுன்னுட்டாரு. இன்னொண்ணு குடு."

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் உப்போடையில் யாருக்கெல்லாம் டாக்டர் எண்ணெய் ஆகாதென்று சொல்லியிருந்தாரோ அவர்களெல்லாம் இருபத்துமூன்றின் முன்னால் வரிசையில் நின்றார்கள். மறுநாள் டாக்டரும் நின்றார். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, குருவம்மாளைச் சுற்றி நடந்து பார்த்து, மணல் வாளி இரண்டு வைக்கச் சொல்லி, தன் படிவத்தில் 'எரிபொருள்' என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து 'சொந்தம்' என்று எழுதிக்கொண்டு போனார். உணவுச் சோதனைக்கு வந்த அம்மாள், வயிற்றின் மேல் வெள்ளைத் துணி போட்டுத்தான் பொரிக்க வேண்டும், துணியைத் தினமும் அலச வேண்டும் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு நாலு வாங்கிக்கொண்டாள். பக்கத்திலிருந்த மோர்க் கடையையும் சர்பத் கடையையும், குளிர்ச்சி ஆகாதென்று, சங்கத்தார் மைதானத்தின் அந்தக் கோடிக்கு மாற்றினார்கள்.

அதற்கு வயிற்றெரிச்சல் என்று பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் காதுபட யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நல்ல மரியாதையாக 'உடம்புச் சூடு' என்றார்கள். சங்கச் செயலாளர் தனுஷ்கோடி, வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனாவோடு எப்போதும் மைக்கின் பக்கத்திலேயே நிற்கிறவர், மணிக்கொரு தரம், "புகை இல்லை, எண்ணெய் இல்லை, நமது சகோதரியின் இயற்கையான உடல் வெப்பத்தில் பொரிந்த அப்பளம்" என்று அறிவித்தார். வீட்டில் குருவம்மாள் குளிக்க ஊற்றிய தண்ணீர் தோளைத் தொட்டதும் ஆவியாகப் போனது. அவள் கணவர் அய்யாத்துரை நமுத்துப்போன பீடிக் கட்டை அவள் பக்கத்தில் வைத்துக் காயவைத்துக்கொண்டார். 

மூன்றாம் நாள் இருபத்திரண்டாம் கடையில் ஈ ஓட்டினார்கள். செண்பகம் கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுக்கிய கவர்களை எடுத்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். அதை ஓரக்கண்ணால் பார்த்தாள் குருவம்மாள். பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குக் கீழே இளநீர் இறங்கினதுபோல் இருந்தது. அடுத்த அப்பளம் ஓரம் பொரிந்து நடுவில் வெள்ளையாக நின்றது. அதற்கடுத்தது நெளிந்ததோடு சரி.

"நடுவுல வேகலையேக்கா" என்று வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது.

வழியைக் கண்டுபிடித்தவர் பால்துரைதான், அதுவும் தெரியாமல். அவர் சம்சாரம் சொல்லியனுப்பியதால் இருபத்திரண்டில் ஒரு கவர் வாங்கிக் கையில் பிடித்தபடி இருபத்துமூன்றுக்கு வந்தார். அந்த மஞ்சள் பூப் படத்தைக் குருவம்மாள் பார்த்த கணத்தில், வெள்ளைத் துணியில் கிடந்த அப்பளம் விளிம்பு வரைக்கும் பொரிந்து, துள்ளி, அவர் கையிலேயே வந்து விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, வரிசை அப்படியே கலைந்து இருபத்திரண்டின் முன்னால் போய் நின்றது.

அன்றிலிருந்து அதுதான் முறை. கோயிலில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அம்மனிடம் போவதுபோல, முதலில் செண்பகத்திடம் ஒரு கவர், அப்புறம் குருவம்மாளிடம் ஒரு அப்பளம். கவரை அவள் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள், "செண்பகத்துக்கு ஈடு உண்டா" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் கொப்புளம் பெரிதாக வந்தது. தனுஷ்கோடி மேடையில் செண்பகத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். மறுநாள் அவளுக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி வந்தது. அதற்கு மறுநாள், அவள் மகள் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பையைக் கொண்டுவரச் சொல்லி, இருபத்துமூன்றிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற இடத்தில் வைத்தார். ஒவ்வொரு தடவையும் குருவம்மாளின் கடையில் மழை தகரத்தில் விழுந்தது. ஊர் நன்றாகச் சாப்பிட்டது.

குருவம்மாள் முட்டாள் இல்லை. தான் எரிய எரிய அடுத்த கடையில் வியாபாரம் நடக்கிறது என்பது ஐந்தாம் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் இன்னும் எரிந்தது. பொரிந்தது. "பலகைய மாத்தலையாடா?" என்று இருளப்பனைத் தினமும் கேட்டாள். "மிசினு ரிப்பேருக்கா" என்று தினமும் சொன்னான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், வெள்ளைத் துணியை அலச மேடைக்குப் பின்னால் குழாயடிக்குப் போனாள். அங்கே நாற்காலிகளுக்கு நடுவே நூல் கட்டிச் சுருட்டிய ஒரு பிளக்ஸ் சாய்ந்திருந்தது. அதன் நுனியில் 'குரு' என்று தெரிந்தது. நூலை அவிழ்த்தாள். அரக்கு நிறத்தில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் முழ நீளம். குருவம்மாள் அப்பளம். கால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்றுகொண்டிருந்த இருளப்பன் கவளத்தைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தான்.

"ரெண்டாம் நாளே அடிச்சிட்டேன்க்கா. செயலாளருதான், 'இத மாட்டுனா அக்கா குளுந்துரும்டா, பத்து நாளும் கழியட்டும்'னாரு."

குருவம்மாள் மண்ணில் விரித்துப் போட்ட தன் பெயரின் ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தாள். 'ள்' என்ற எழுத்தின் மேலிருந்த புள்ளி அவள் உள்ளங்கை அளவு இருந்தது.

தண்ணீர் பிடிக்க வந்த செண்பகம் அதைப் பார்த்தாள். குழாயைத் திறக்காமல் நின்றாள்.

"நல்லாருக்குக்கா."

"ம்."

"ஒரு விசயம் சொல்லட்டா? சிரிக்கப்பிடாது."

"சொல்லு."

"ஒம்பது நாளா எனக்கும் வயிறு எரியுதுக்கா. எங்கிட்ட வாங்குற ஒரு மூதியாவது கவரப் பிரிச்சுப் பாத்துச்சா? எல்லாம் ஒங்ககிட்ட காட்டத்தான் வாங்குது. நானும் வீட்ல கதவச் சாத்திக்கிட்டு, அப்பளத்த வயித்துல வச்சு வச்சுப் பாத்தேன். ஒண்ணுகூடப் பொரியல. நமுத்துதாம்க்கா போவுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மொட்டைமாடியில் கயிறு கட்டுவதற்கு முன்னால் சிரித்த சிரிப்பு. சிரித்து முடித்தபோது குருவம்மாளின் வயிறு, அலசி விரித்த துணிபோல ஈரமாக, அமைதியாக இருந்தது. என் மேல் இவளுக்குப் பொறாமையா என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். வெல்லக்கட்டிபோல அது கரையாமல் இனித்துக்கொண்டே இருந்தது.

பத்தாம் நாள் காலையில் அவளே முக்காலி போட்டு ஏறி, கிளைப் பலகையை அறுத்து இறக்கிவிட்டுத் தன் பெயரை மாட்டினாள். தனுஷ்கோடி ஓடிவந்தார்.

"மதினி, மதினி! இன்னைக்கித்தான் கடையத் தேர்வு பண்ண அதிகாரி அம்மா வாராக. இந்த ஒரு நாள் மட்டும் பழசு கெடக்கட்டுமே."

"கெடந்தவரைக்கும் போதும்யா."

பதினோரு மணிக்கு அதிகாரி அம்மா வந்தார். குருவம்மாள் வெள்ளைத் துணியை விரித்து அப்பளத்தை வைத்தாள். மைதானம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. அப்பளம் மாவு நிறத்தில் அப்படியே கிடந்தது. ஐம்பது கைகள் ஒரே நேரத்தில் மஞ்சள் பூக் கவரைத் தூக்கிக் காட்டின. கிடந்தது. "செண்பகத்துக்கு ஈடு உண்டா" என்று கோரஸாகச் சொன்னார்கள். கிடந்தது. தனுஷ்கோடி மைக்கில் செண்பகத்தின் மகளுடைய ஓட்டப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, வராத பரிசுகளையும் சேர்த்துச் சொன்னார். குருவம்மாள் கண்ணை மூடி, எரிந்த நாட்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். கூப்பிட்டதெல்லாம் வந்து, சிரித்துவிட்டுப் போனது. தலைக்கு மேலே அவள் பெயர் காற்றில் மெல்லப் படபடத்தது.

அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தனுஷ்கோடி குனிந்து அவர் காதில் சொன்னது மைக்கில் விழுந்து ஊருக்கே கேட்டது: "அப்ப நாலாம் நம்பர இருபத்திரண்டுக்கே குடுத்துரலாம்மா."

அப்போது செண்பகம் மெத்தை நாற்காலியிலிருந்து எழுந்தாள். இருபத்துமூன்றுக்கு வந்து, குருவம்மாளின் காதருகே குனிந்தாள். இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அக்கா, அந்த நாலு கணுப் பிரண்டை. அது தப்பு. நாலு போட்டா பொரியும், ஆனா தின்ன பெறகு தொண்டை லேசா அரிக்கும். நான் ரெண்டாம் மாசமே மூணாக்கிட்டேன். அதனாலதான் ஊரு என் அப்பளத்துக்கு வந்துச்சு. கவரால இல்ல. ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணல."

நிமிர்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

முதலில் துணியில் இருந்தது பொரிந்தது. பிறகு தட்டில் இருந்தவை. பிறகு கட்டுக் கட்டாக நூல் அறுந்து, பின்னால் சாக்கில் இருந்த இரண்டு மடங்கு மாவின் அப்பளமும் மூட்டையை உப்பவைத்துக்கொண்டு பொரிந்தது. இருபத்திரண்டிலும் கவர்கள் ஒவ்வொன்றாக வெடித்து மஞ்சள் பூக்கள் கிழிந்தன. அதிகாரி அம்மா குனிந்து ஒன்றை எடுத்துக் கடித்து, இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டார். தீயணைப்புக்காரர் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஆனால் வாயில் அப்பளம் இருந்தது.

நாலாம் எண் கடை இப்போது குருவம்மாளுடையது. பஸ் வந்து திரும்பும்போது நூறு பேர் நிமிர்ந்து அவள் பெயரைப் படிக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் இறங்கி, எண்ணெய் இல்லாத அப்பளம் வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள். "பலகை மாட்டியாச்சு, பேரு வந்தாச்சு, இனி அக்கா குளுந்துரும்" என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. சூடு குறையவில்லை.

செண்பகம் சொன்னது மெய்யா பொய்யா என்று பார்ப்பது பெரிய காரியமில்லை. ஒரு படி உளுந்தும் மூன்று கணுப் பிரண்டையும் போதும், ஒரு பகலில் தெரிந்துவிடும். கொடி மொட்டைமாடிச் சுவரிலேயே படர்ந்திருக்கிறது. குருவம்மாள் ஒவ்வொரு விடியலிலும் அதனிடம் போகிறாள். மூன்று கணு ஒடிக்கிறாள். கொஞ்ச நேரம் நிற்கிறாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் செண்பகம் குனிந்து அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். நிமிர்ந்து, "என்னக்கா, கடைக்கு நேரமாகலையா?" என்பாள். கேலியா அக்கறையா என்று பிரிக்க முடியாத குரல் அது.

அன்றைக்கு அவள் மெத்தை நாற்காலியிலேயே சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், கடை அவளுக்கு வந்திருக்கும். அவள் எழுந்து வந்தாள். சொன்னது மெய்யென்றால், கை அவளுடையது பெரிது. பொய்யென்றால், மனசு அவளுடையது பெரிது.

குருவம்மாள் நாலாவது கணுவையும் ஒடிக்கிறாள். ஒடிக்கும்போதே வயிற்றில் சடசடவென்று முதல் தூறல் விழுகிறது. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, முதல் பஸ்ஸுக்குக் கடை திறக்கப் போகிறாள்.